என் பேரில் ஒரு தக்காளித் தோட்டம்

1

நான் பெங்களூருக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகிவிட்டது என்பதைத் தொம்மலூர்க் கடைத்தெருவில் ஒரு தக்காளிக்காரர்தான் எனக்கு நினைவுபடுத்தினார். "வாங்கம்மா, பாலக்கோடு லோடு. உங்க ஊர் காய்தானே?" என்றார். என் பேச்சை வைத்தே தர்மபுரிப் பக்கம் என்று கண்டுபிடித்திருக்கிறார். கூடையைப் பார்த்தேன். சொந்த ஊர்க் காயைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கியிருக்கும் என்று எதிர்பார்க்கிற வாசகர்கள் இந்தப் பக்கத்தை இப்போதே புரட்டிவிடலாம். நான் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வெளியூரில் உட்கார்ந்து இந்த மாதிரிக் குறிப்பு எழுதுகிறவர்கள் எல்லோரும் மண்ணை நினைத்து உருகுகிறார்கள். துபாயிலிருந்து உருகுகிறார்கள், லண்டனிலிருந்து உருகுகிறார்கள். மூன்று மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு நானும் உருகினால் அசிங்கமாக இருக்கும். நினைத்தால் நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊருக்குப் போய்விடலாம். போகவில்லை என்றால் போக விருப்பமில்லை என்று அர்த்தம். இதைச் சொல்ல மற்றவர்கள் ஏன் இத்தனை கூச்சப்படுகிறார்களோ தெரியவில்லை.

தக்காளிச் செடியைத் தொட்டுப் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. காய் பறித்தால் கையில் ஒரு பச்சைக் கறை ஏறும். கொஞ்ச நேரத்தில் அது கறுத்துப் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். சோப்புக்குப் போகாது. பச்சைத் தக்காளி ஒன்றை நசுக்கி அந்தச் சாற்றில் தேய்த்தால்தான் போகும். அதற்கும் நேரமில்லாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடிய நாட்களில் நான் கையைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தாலும் கை தூக்க மாட்டேன். விலை விழுந்த வருஷங்களில் பறித்ததை எல்லாம் ரோட்டோரம் கொட்டிவிட்டு வருவோம். மாடுகூட ஓரளவுக்கு மேல் தின்னாது.

கல்யாணம் ஆனதும் முதல் வேலையாக என் பங்கு நிலத்தைத் தம்பி மாதையனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஊரில் என்னைத் தியாகி என்றார்கள். தியாகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இனிமேல் என் பேரில் ஒரு பிடி மண்கூட இருக்கக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன், அவ்வளவுதான். 1991இல் என் வீட்டுக்காரருக்கு இங்கே ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. நீலசந்திராவில் ஒரே ரூம் வீடு. வந்த வருஷமே காவிரிக் கலவரம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வாயைத் திறந்தால் தமிழ் வந்துவிடுமே என்று பயந்து உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குக்கூட ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

2

டெக்னாலஜியைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து உண்டு. ஒரு கம்பெனியில் பத்து வருஷம் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தவள் நான். "குட் மார்னிங், யார் வேணும், ஹோல்ட் பண்ணுங்க." தமிழ், கன்னடம், இங்கிலீஷ், கொஞ்சம் பாய்மார் உருது எல்லாம் அங்கே கற்றுக்கொண்டதுதான். பிறகு ஒரு மெஷின் வந்தது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பெண் குரல் அதிலிருந்து பேசியது. என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"மனுஷத் தொடர்பே போச்சு பாருங்க" என்று இன்றைக்கும் சிலர் என்னிடம் வந்து துக்கம் விசாரிக்கிறார்கள். எந்தத் தொடர்பு? அந்தப் பத்து வருஷத்தில் ஒருவர்கூட எனக்குப் பதில் குட் மார்னிங் சொன்னதில்லை. லைன் கிடைக்காவிட்டால் திட்டினார்கள். இப்போது மெஷினைத் திட்டுகிறார்கள், அதற்குக் காது இல்லை. அந்த வேலை ஒழிந்ததில் எனக்கு வருத்தமே கிடையாது. சம்பளம் போனதில்தான் வருத்தம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கட்டுரை எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

மிக்ஸி, கேஸ் அடுப்பு, குழாயில் தண்ணீர், இந்த மூன்றையும் வேண்டாம் என்று சொல்கிற ஒரு பெண்ணை எனக்குக் காட்டுங்கள். அம்மியில் அரைத்தால் ருசி என்று சொல்கிறவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்.

3

இப்போது என் மகனுக்கு வருகிறேன். செந்தில் சாஃப்ட்வேரில் இருக்கிறான். இங்கே வந்தபோது எட்டாம் வகுப்பு. கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் பேசுவான், ஆனால் இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை "ஆக்சுவலி" என்று இளைப்பாறிக்கொள்வான். அவன் அப்பா போன பிறகும் நான் தொம்மலூரிலேயே தனியாக இருக்கிறேன். அவன் ஒயிட்ஃபீல்டில் பதினோராவது மாடியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செருப்பில்லாமல் வந்தான். செருப்பு அறுந்துவிட்டதா என்று கேட்டேன். "இல்லம்மா. மண்ணோட கனெக்ட் ஆகணும்னு எங்க குரூப்ல எல்லாரும் வீக்கெண்ட்ல வெறுங்காலோட நடக்கறோம்" என்றான்.

எங்கள் தெருவில் இருப்பது மண் இல்லை, சாக்கடைக்குப் பைப் போடத் தோண்டிய சேறு. காலைக் கழுவிவிட்டு உள்ளே வரச் சொன்னேன்.

பணம் வந்ததும் கார் வாங்குகிறவனை நான் மதிக்கிறேன். ஃப்ரிட்ஜ் வாங்குகிறவனை, பொண்டாட்டிக்கு நகை போடுகிறவனை மதிக்கிறேன். பணம் வந்ததும் செருப்பைக் கழற்றுகிறவனை நம்ப மாட்டேன். இவன் சிநேகிதர்கள் எல்லோரும் அந்த ரகம். பண்ணை வீட்டில் மண் சுவர் வைத்து, அது கரையாமல் இருக்க வெளிநாட்டிலிருந்து ஏதோ பூச்சு வரவழைக்கிறார்கள். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது என்பதை மட்டும் யாரும் மறப்பதில்லை.

அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் செந்தில் விஷயத்துக்கு வந்தான். கனகபுரா ரோட்டில் இரண்டு ஏக்கர் பார்த்திருக்கிறானாம். பின்னால் குன்று, பக்கத்தில் ஏரி. ஆர்கானிக்காகத் தக்காளி போடப்போகிறானாம். ஒரே ஒரு சிக்கல். இந்த மாநிலத்தில் விவசாயி அல்லாதவன் விவசாய நிலம் வாங்க முடியாது. விவசாயக் குடும்பம் என்றாலும், இவன் மாதிரிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு அனுமதி இல்லை.

"ஸோ, உன் பேர்லதாம்மா வாங்கணும்" என்றான். "உனக்கு இப்ப வருமானம் இல்ல. நீ விவசாயக் குடும்பம். மாமா நிலத்துல ஒரு மூலைய உன் பேருக்குத் திருப்பி எழுதிக் குடுத்தா போதும்னு புரோக்கர் சொல்றார்."

புரோக்கர் நஞ்சுண்டப்பாவும் கூடவே வந்திருந்தார். இவ்வளவு நேரம் என் ரசத்தை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "தமிழ்நாடு நிலம் ஆனாலும் பர்வாகில்லம்மா. நான் ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி முடிச்சித் தர்றேன். நீங்க ஹுட்டினதே ரைத்தர் குடும்பத்துல அல்வா?" என்றார். நான் பிறந்ததே விவசாயக் குடும்பத்தில்தானே என்கிறார். ரைத்தர் என்றால் கன்னடத்தில் விவசாயி.

அதாவது, யார் விவசாயி என்பதை அரசாங்கம் பிறப்பை வைத்து முடிவு செய்திருக்கிறது. சாதி மாதிரி. ஒருவன் வாழ்நாள் முழுக்கக் கூலிக்கு உழுதாலும் அவன் பேரில் நிலம் இல்லையென்றால் விவசாயி இல்லை. தக்காளியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற நான் விவசாயி. அரசாங்கம் முட்டாள் என்று செந்திலின் கூட்டாளிகள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் எல்லோரும் பேசுகிற பெருமையைத்தான் அது சட்டமாக எழுதி வைத்திருக்கிறது.

"ஏண்டா, நிலம்தானே வேணும்? உங்க மாமா போர் வத்திப்போய் எப்படா விக்கலாம்னு உக்காந்திருக்கான். அத வாங்கிக்கோ" என்றேன்.

"அங்க எதுக்கும்மா? அது டிரைவ் ஜாஸ்தி. வியூவும் இல்ல. ஃபுல்லா கெமிக்கல் போட்டு மண்ணே செத்துருக்கும். அதுவுமில்லாம மாமா அங்கயே இருப்பார்."

இவனுக்கு விவசாயம் வேண்டும், விவசாயி வேண்டாம். என் பேரில் எதையும் வாங்கக் கூடாது, கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி இரண்டு பேரையும் அனுப்பிவைத்தேன். நஞ்சுண்டப்பா போகிறபோது ரசம் நன்றாக இருந்ததாகச் சொன்னார்.

4

மகனைப் பற்றி எனக்குத் தெரியாதா? நேராக மாமனுக்குப் போன் போட்டுவிட்டான். அடுத்த வாரமே மாதையன் ஓசூர் வழியாக பஸ் மாறி வந்து என் வாசலில் நின்றான். கையில் ஒரு பை. உள்ளே தக்காளி இல்லை, நல்ல வேளை. மாங்காய்.

மாதையன் என்னைவிட ஐந்து வயது சின்னவன். பார்த்தால் எனக்கு அண்ணன் என்பார்கள். காப்பியைக் குடித்துவிட்டு, "மாப்ள எல்லாம் சொன்னாருக்கா. மூலைல இருக்கற நெலத்த உன் பேருக்கு எழுதிடலாம். எனக்கு ஒரு கண்டிஷன் மட்டும் இருக்குது" என்றான்.

பணம் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் தேவலை.

"அந்தத் தோட்டத்துல எனக்கு ஒரு வேல போட்டுக் குடுக்கணும். வாட்ச்மேனோ, எதுவோ. மாசச் சம்பளம்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "வெக்கமா இல்லையாடா உனக்கு? உன் நிலத்தக் காட்டி அவன் ஒரு தோட்டம் வாங்குவான், அந்தத் தோட்டத்துக்கு நீ காவக்காரனா? அக்கா மவன்கிட்ட கூலிக்குப் போனான்னு ஊர்ல என் மானத்த வாங்கவா?"

"கூலி இல்லக்கா, சம்பளம்" என்றான். "கூலின்னா வேல செஞ்சாத்தான். சம்பளம்னா மாசம் பொறந்தா வந்துரும். மாமா இருந்தாரே ஃபேக்டரில, ஒரு நாளாச்சும் மழ வருமான்னு வானத்தப் பாத்திருப்பாரா? நான் இருவத்தஞ்சு வருசமா அதத்தாங்கா பாத்துக்கினு கெடக்கறேன். போன வருசம் காயே இல்ல. இந்த வருசம் காய் இருக்குது, வாங்க ஆள் இல்ல."

"அதுக்காக..."

"நீ மட்டும் தப்பிச்சு ஓடியாந்துட்ட. என்ன மட்டும் ஏங்கா அங்கயே கெடன்னு சொல்ற?"

மண்ணை நினைத்து உருகுகிறவர்களைத் திட்டி இத்தனை வருஷம் பேசியிருக்கிறேன். அவன் மட்டும் அந்த மண்ணிலேயே இருக்க வேண்டும், அதுதான் கௌரவம் என்று நானும் நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். இருந்தாலும் அன்றைக்கு இதை ஒத்துக்கொள்ளவில்லை. "மாங்காய ஃப்ரிட்ஜ்ல வை" என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் கழித்துச் செந்திலுக்குப் போன் போட்டு, கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். மாமனுக்கு வாட்ச்மேன் என்று பேர் வைக்கக் கூடாது, மாதம் முதல் தேதி சம்பளம் தப்பக் கூடாது, இந்த இரண்டையும் சொன்னேன். "மேனேஜர்னு வெச்சுக்கலாம்மா" என்றான் பெருந்தன்மையாக.

5

நிலம் பதிகிற அன்றைக்கு ஆபீசில் நீண்ட பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எதிரே ஒரு போட்டோ, மாலை, பல்லி. கூப்பிட்டதும் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நல்ல மனுஷன். "நீவு ரைத்தராம்மா?" என்று கேட்டார்.

பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தேன். நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று செந்தில்தான் கட்டச் சொன்னான். என்னை அறியாமல் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டேன். கறை எதுவும் இல்லை, முப்பது வருஷமாக இல்லை. ஆனால் இழுத்துக்கொண்டேன்.

"ஹௌது சார்" என்றேன். ஆமாம் சார்.

பள்ளிக்கூடத்தில் சொல்லக் கூச்சப்பட்டதைச் சர்க்காரிடம் வாக்குமூலமாகச் சொல்லியாகிவிட்டது. வெளியே வந்ததும் நஞ்சுண்டப்பா எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

6

தோட்டத்தைப் பற்றி நிறைய எழுத மாட்டேன். எழுதினால் அழகாக இருக்கும், அதனால்தான். குன்று, ஏரி, சொட்டு நீர்ப் பைப், மூங்கில் கேட். மாதையனுக்கு மோட்டார் ரூம் பக்கத்தில் ஓடு போட்ட ஒரு நல்ல அறை, டிவி, சொந்தமாக ஒரு செல்போன். சொந்த நிலத்தைப் பக்கத்துக்காரன் மாடு மேய விட்டுவிட்டு வந்துவிட்டான். ஆறு மாதத்தில் கன்னம் உப்பிவிட்டது. அவன் பெண்டாட்டி, இவருக்கு ராத்திரி தூக்கம் வருது அண்ணி என்று ஆச்சரியத்தோடு சொன்னாள்.

"மாப்ள, வேற எது வேணா போடுங்க, தக்காளி மட்டும் வேணாம்" என்று மாதையன் ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்தான். செந்தில் இன்டர்நெட்டில் படித்திருந்ததால் கேட்கவில்லை. மாதையனும் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. சம்பளக்காரன் எதற்கு வற்புறுத்த வேண்டும்?

முதல் பறிப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை செந்தில் நேரே என் வீட்டுக்கு வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். விரலெல்லாம் கறுப்பு. "பாத்தியா, சோப்புக்கே போகலம்மா. திஸ் இஸ் ரியல்" என்றான். ஆபீசில் எல்லோருக்கும் காட்டப் போட்டோ எடுத்திருக்கிறானாம்.

அவன் கொண்டுவந்த பையிலிருந்து ஒரு பச்சைத் தக்காளியை எடுத்து நசுக்கி அவன் கையில் தேய்த்தேன். விரல் விரலாகத் தேய்க்கத் தேய்க்கக் கறை கரைந்து போயிற்று. அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது முகத்தில் தெரிந்தது. நானும் மாதையனும் அடித்துப் பிடித்து அழித்த கறையை இவன் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறானே என்று எனக்குக் கோபம் வந்தது.

அந்த வருஷம் இரண்டாம் பறிப்புக்குக் காய் நிறையப் பிடித்திருந்தது. செந்தில் அதைத் தன் அபார்ட்மெண்டில் எல்லோருக்கும் தருவதாகச் சொல்லிவைத்து, ஆபீசில் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் தோட்டத்துக்கே போய்விடலாமா என்றுகூடப் பேச ஆரம்பித்திருந்தான். இப்படி ஒரு நாளில் திடீரென்று தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம். காய் பழுக்கிற நேரத்தில் கனமழை அடித்தால் எல்லாம் வெடித்துப்போகும்.

போன் அடித்தது. செந்தில்தான். ஆபீசிலிருந்து கிசுகிசுவென்று பேசினான். "அம்மா, மீட்டிங்ல இருக்கேன். தோட்டத்துல மழையான்னு தெரியணும். மாமா போன எடுக்கவே மாட்டேங்கறார். நீ கொஞ்சம் டிரை பண்ணு, ப்ளீஸ்." அவன் குரல் நடுங்கிற்று. இந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு காலத்தில் இந்தக் குரல்தான் இருந்தது.

மாதையனுக்குப் போட்டேன். மூன்றாம் முறை எடுத்தான். பின்னால் டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

"அங்க மழ பேயுதாடா?"

"தெரியலக்கா. உள்ள இருக்கறேன். சீரியல் ஓடுது."

"வெளிய போய்ப் பாரேண்டா!"

"எதுக்கு?" என்றான். அவன் நக்கல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டான். "பேஞ்சா பேயட்டும்க்கா. நான் பாத்தா மட்டும் நின்னுருமா? மொதத் தேதி வர இன்னும் எட்டு நாள் கெடக்குது." பிறகு சிரித்தான். நாற்பத்தைந்து வயதில் அவன் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

போனை வைத்தேன். செந்திலுக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. தவிக்கட்டும், கனெக்ட் ஆகட்டும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் நானும் தனியாகச் சிரித்தேன்.

அப்புறம் துணி எடுக்கலாம் என்று மாடிக்குப் போனேன். தெற்குப் பக்கம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆபீஸ் கட்டடங்களுக்கு மேலே அந்த மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கழுத்து வலித்தது. கீழே இறங்கும்போதுதான் கவனித்தேன், அன்றைக்கு நான் துணியே துவைக்கவில்லை, கொடியில் ஒன்றும் இல்லை.